ரோவான் கிடைக்காது, நிறப்பழம் கிடைக்கும்: குமரி மாவட்டத்து வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு வழிகாட்டி

பிரிட்டனிலோ ஜெர்மனியிலோ சில காலம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி வீடு கட்டுகிறவர்களில் பலர் முற்றத்தில் வைக்க ஆசைப்படும் மரங்களில் ரோவானும் ஒன்று. அங்கே செப்டம்பர் பிறந்தால் தெருவோர மரமெல்லாம் கிளை வளையக் கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பழம். அந்த ஆசையோடு நாகர்கோவிலைச் சுற்றியுள்ள நர்சரிகளை ஏறி இறங்கியவர்களில் நானும் ஒருவன். கேட்ட இடமெல்லாம் ஒவ்வொரு பதில். ஒருவர் மலையிலிருந்து வரவழைத்துத் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்டார். இன்னொருவர் வேறு ஏதோ செடியைக் காட்டி இதுதான் ரோவான் என்று சாதித்தார். இணையத்தில் ஒரு விற்பனையாளர் ‘ஐந்து நிற ரோவான்’ என்று அனுப்பிய பொட்டலத்திலிருந்து முளைத்தது மணத்தக்காளியின் பங்காளி போன்ற ஒரு களை. பணத்தை விடக் காலம்தான் அதிகம் போனது. மரம் நடுவதில் ஒரு மழைக்காலத்தைத் தவறவிட்டால் ஓர் ஆண்டு போயிற்று என்று பொருள். அது உங்களுக்கு நேராமல் இருக்கவே இதை எழுதுகிறேன்.

1. ரோவானைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்

ஐரோப்பாவில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய சிவப்புப் பழ ரோவான் சோர்பஸ் அக்யூபேரியா. மஞ்சள் பழம் தருவது ‘ஜோசப் ராக்’ என்ற வகை. வெள்ளைப் பழத்துக்குக் காஷ்மீர் ரோவான், இளஞ்சிவப்புக்கு வில்மோரின் ரோவான். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான தேவை ஒன்று உண்டு. குளிர்காலத்தில் இலையை உதிர்த்து, பல வாரங்கள் கடுங்குளிரில் உறங்கினால்தான் அடுத்த பருவத்தில் மொட்டு ஒழுங்காக விழிக்கும். நாகர்கோவிலில் மார்கழி இரவிலும் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. பேச்சிப்பாறைக்கு மேலே ஏறினாலும் இந்த மரம் கேட்கும் குளிர் கிடைக்காது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘காஷ்மீர் ரோவான் நம் நாட்டு மரம்தானே, இங்கே வராதா?’ என்று விற்பவர்கள் கேட்பார்கள். அது மேற்கு இமயத்தின் உயரமான சரிவுகளில் வளர்வது. நாடு ஒன்றாக இருப்பதால் தட்பவெப்பம் ஒன்றாகிவிடாது.

இன்னொரு பொறி குளிர்சாதனப் பெட்டி. ஈர மணலில் விதையைக் கலந்து, உறைநிலைக்குச் சற்று மேலே மூன்று நான்கு மாதம் வைத்திருந்தால் ரோவான் விதை முளைக்க வாய்ப்புண்டு. அதை வைத்தே ‘இங்கேயும் வளரும்’ என்று காணொளி போடுகிறார்கள். முளைப்பது வேறு, மரமாவது வேறு. பங்குனி வெயிலில் அந்த நாற்று என்ன ஆகிறது என்பதை மட்டும் யாரும் காட்டுவதில்லை.

2. வெளிநாட்டிலிருந்து விதை கொண்டுவரும் எண்ணம் இருந்தால்

ரோவான் மட்டுமல்ல, எந்தச் செடியானாலும் இந்தப் பகுதி பொருந்தும். ‘பெட்டிக்குள் ஒரு கைப்பிடி விதைதானே, யார் பார்க்கப் போகிறார்கள்’ என்ற பேச்சை நம்ப வேண்டாம். 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையின்படி, விதைக்கவோ நடவோ கொண்டுவரும் விதை, குச்சி, நாற்று எதற்கும் இரண்டு தாள்கள் வேண்டும்.

ஒன்று, இறக்குமதி அனுமதி. இதைப் பயணத்துக்கு முன்பே இணையவழி விண்ணப்பித்துப் பெற வேண்டும். மற்றொன்று, ஏற்றுமதி செய்யும் நாட்டின் வேளாண் அதிகாரிகள் தரும் தாவர நலச் சான்றிதழ். கடைக்காரர் தரும் ரசீதோ, விதைப் பொட்டலத்தில் அச்சிட்ட உறுதிமொழியோ இதற்கு ஈடாகாது. ஆணையின் பட்டியல்களில் அந்தத் தாவரம் இல்லையென்றால், பூச்சி நோய் அபாய ஆய்வு முடியாமல் அனுமதியே கிடைக்காது. வந்து இறங்கியதும் பொருளை அறிவித்துப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். சிலவற்றுக்கு வந்தபின் தனிமைப்படுத்தி வளர்க்கும் நிபந்தனையும் உண்டு.

வீட்டு முற்றத்தில் ஒரு மரம் வைக்க இவ்வளவு தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்பதே என் பதில். உள்ளூரில் கிடைப்பதை வாங்குங்கள். ஆனால் உறவினர் யாராவது அங்கிருந்து ‘ஆசைக்குக் கொண்டுவருகிறேன்’ என்றால் மறக்காமல் தடுத்துவிடுங்கள். சான்றிதழ் இல்லாத விதையைக் கைப்பற்றி அழித்துவிடுவார்கள்.

3. உங்கள் விளை (தோட்ட நிலம்) மாவட்டத்தின் எந்தப் பக்கம்?

சிறிய மாவட்டம் என்பதால் எல்லா இடத்துக்கும் ஒரே ஆலோசனை சொல்லிவிடுகிறார்கள். அது சரியல்ல. திருவட்டாறு, குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் வளரும் மழை. தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாலை சுழலும் வறட்டுக் காற்று. இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் அங்கே செழிக்கும் மரம் இங்கே கருகும்.

மேற்கே கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு, கிள்ளியூர் வட்டங்களில் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நன்றாகக் கிடைக்கும். மண் பெரும்பாலும் செம்மண், சரள். புளிப்புத்தன்மை உள்ளது.

கிழக்கே அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்களில் ஆனி முதல் ஆவணி வரை காற்றுதான் பெரிய எதிரி. கணவாய் வழியாக வரும் காற்று இளங்குருத்தை உலர்த்திவிடும். மழைக்கு ஐப்பசி, கார்த்திகையை நம்ப வேண்டும்.

கடற்கரையில் குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கம் மணலும் உப்புக் காற்றும். கடலிலிருந்து முதல் இரண்டு மூன்று தெருக்களுக்குள் வீடு இருந்தால் உங்கள் பட்டியல் மிகவும் சுருங்கிவிடும். அதை ஏற்றுக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

நான்காவதாக ஒரு வகை இருக்கிறது. வயலை நிரப்பிப் போட்ட மனை. இது இப்போது மாவட்டம் முழுவதும் இருக்கிறது. மேலே இரண்டடி செம்மண், கீழே களி. மழை பெய்தால் குழிக்குள் தண்ணீர் தேங்கும். மனை வாங்கும்போது தரகர் இதைச் சொல்லமாட்டார். பக்கத்துக் கிணற்றில் நீர்மட்டம் எவ்வளவு என்று எட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

4. எந்த மரம்?

ரோவானிடம் நமக்குப் பிடித்தது எது என்று யோசித்தால் மூன்று விஷயங்கள் வரும்: முற்றத்துக்குள் அடங்கும் அளவு, கொத்தாகப் பழம், பழத்தைத் தேடி வரும் பறவைகள். இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் இங்கே கிடைக்கும் மரங்களில் என் முதல் வாக்கு லூவிக்காவுக்கு.

கேரளத்தில் லோலோலிக்கா என்றும் சொல்வார்கள். தாவரவியல் பெயர் ஃப்ளாகோர்ஷியா இனெர்மிஸ். பழம் செர்ரி அளவு, மினுமினுக்கும் சிவப்பு. கிளை முழுவதும் கொத்தாகக் காய்க்கும். தளிரும் செம்பு நிறத்தில் வருவதால் பழம் இல்லாத மாதங்களிலும் பார்க்க நன்றாக இருக்கும். முள் கிடையாது. ஒரே பூவில் ஆண், பெண் பாகங்கள் இருப்பதால் ஒரு மரம் வைத்தாலே காய்க்கும். இதன் உறவினர்களான முள் உள்ள வகைகளில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. ஆகவே வாங்கும்போது தண்டில் முள் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பழம் கடும் புளிப்பு. ஊறுகாய்க்கு ஆகும், அப்படியே தின்னப் பொறுமை வேண்டும். குழந்தைகள் உப்பு தொட்டுத் தின்றுவிடுவார்கள். மேற்கு வட்டங்களுக்கு இதற்கு இணையாக வேறு மரம் சொல்லமாட்டேன். விட்டால் முப்பதடி வரை போகும். வெட்டிக் கட்டுப்படுத்தினால் அடங்கும்.

இடம் நிழலாக இருந்தால், தென்னைக்கும் பலாவுக்கும் நடுவே ஒரு மூலை மட்டும் கிடைத்தால், மூட்டிப்பழம். பக்கோரியா கோர்ட்டாலென்சிஸ் என்ற தாவரவியல் பெயரிலேயே குற்றாலம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய மரம். இதன் அழகு கிளையில் இல்லை. அடிமரத்தைச் சுற்றிச் சரம் சரமாகச் செந்நிறப் பழம் ஒட்டிக்கொண்டு தொங்கும். முதன்முறை பார்ப்பவர்கள் யாரோ கட்டித் தொங்கவிட்டதாக நினைப்பார்கள். சிக்கல் என்னவென்றால், ஆண் மரமும் பெண் மரமும் வேறு வேறு. விதை நாற்று வாங்கினால் பல ஆண்டு தண்ணீர் ஊற்றிய பிறகு அது ஆண் என்று தெரியவரும். பெண் மரத்திலிருந்து எடுத்த ஒட்டுச்செடியை மட்டும் வாங்குங்கள். சுற்றுவட்டாரத்தில் ஆண் மரம் இல்லையென்றால் ஆண் ஒட்டு ஒன்றும் சேர்த்து வைக்க வேண்டும். கிழக்கு வட்டங்களிலும் கடற்கரையிலும் இதற்குச் செலவழிக்க வேண்டாம்.

கிழக்குப் பக்கம் களா. பூ வெள்ளை, காய் வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்து தொடங்கிப் பழுக்கும்போது அடர்சிவப்பாகிக் கடைசியில் கறுக்கும். ஒரே கொத்தில் நான்கு நிறம் நிற்கும். காற்று, வறட்சி, மோசமான மண் எதுவும் இதை ஒன்றும் செய்யாது. முள் கூர்மை, ஆகவே நடைபாதை ஓரத்தில் வைக்காதீர்கள். வேலி ஓரத்தில் வைத்தால் மதில் கட்டும் செலவில் கொஞ்சம் மிச்சமாகும்.

கடற்கரைக்கு இதன் தென்னாப்பிரிக்க உறவான நேட்டால் களா, கரிசா மேக்ரோகார்ப்பா. உப்புக் காற்றை நன்றாகத் தாங்கும். நட்சத்திரம் போன்ற வெள்ளைப் பூ, பிளம் அளவில் சிவப்புப் பழம். முழுதாகப் பழுத்ததை மட்டும் தின்னலாம், மற்றப் பாகங்களில் பால் உண்டு. விதையில் வந்த செடிகள் பூத்துக் குலுங்கிவிட்டுக் காய்க்காமல் நிற்பது அடிக்கடி நடக்கும். காய்த்த செடியின் பதியன் வாங்குங்கள். இரண்டு செடியாக வைத்தால் இன்னும் நல்லது.

தொட்டியில் வைத்தாக வேண்டும், மாடிதான் இருக்கிறது என்பவர்களுக்குப் பார்படாஸ் செர்ரி, மால்பிஜியா எமார்ஜினாட்டா. இளஞ்சிவப்புப் பூ பூத்த மூன்று நான்கு வாரத்தில் பழம் சிவந்துவிடும். ஆண்டுக்குப் பல முறை காய்க்கும். வைட்டமின் சி மிக அதிகம். முழு வெயில் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் இலைதான் பார்க்கக் கிடைக்கும்.

அவசரக்காரர்களுக்குத் தேன்பழ மரம், சிலர் சர்க்கரைப்பழம் என்பார்கள். இரண்டு ஆண்டுக்குள் நிழலும் பழமும் தரும். ஆனால் மரம் மெத்து, ஆடிக்காற்றில் கிளை முறியும். கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே வேண்டவே வேண்டாம்.

5. அழகாகத் தெரிந்தாலும் வேண்டாதவை

உண்ணிச்செடியை அலங்காரச் செடி என்று இன்றும் விற்கிறார்கள். அதன் பழத்தைப் பறவை தின்று மலை முழுவதும் விதைத்த கதை நம் காடுகளில் கண்முன் நிற்கிறது. வாங்காதீர்கள்.

டுராண்டாவின் பொன்னிறப் பழச்சரம் கண்ணைப் பறிக்கும். அந்தப் பழம் நச்சு. சிறு குழந்தை உள்ள வீட்டில் வைக்கவே கூடாது. வேலியில் ஏறும் குன்றிமணி அதைவிட ஆபத்தானது. விதை உடைந்து வயிற்றுக்குள் போனால் உயிருக்கே கேடு.

காமினி பற்றி ஒரு எச்சரிக்கை. வெள்ளைப் பூவின் மணத்துக்காகவும் சிறு சிவப்புப் பழத்துக்காகவும் அதைப் பலரும் கேட்கிறார்கள். நல்ல செடிதான். ஆனால் எலுமிச்சை, நாரத்தை மரங்களுக்குப் பசுமை நோயைப் பரப்பும் சிறு பூச்சிக்கு அது பிடித்தமான தங்குமிடம். விளையில் எலுமிச்சை இருந்தால் காமினியைத் தவிர்க்கவும்.

6. நாற்று எங்கே, எப்படி வாங்குவது?

முதலில் அரசு இடங்கள். பேச்சிப்பாறையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கன்னியாகுமரியில் அரசுத் தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது. எல்லா மரமும் எல்லா நாளும் இருக்காது. நேரில் போகும் முன் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். மழை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே கேட்பது நல்லது, தொடங்கிவிட்டால் நல்ல நாற்று எல்லாம் போய்விடும்.

தோட்டக்கலைத் துறையின் மானியத் திட்டங்களுக்கு ஆதார், சிட்டா, புகைப்படம், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல் கேட்பார்கள். உழவன் செயலியிலும் பதிவு செய்யலாம். ஆனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இந்தத் திட்டங்கள் சாகுபடிக்காரர்களுக்கானவை. ஐந்து சென்ட் மனையில் அழகுக்கு இரண்டு மரம் வைக்க மானியம் தேடி அலுவலகம் ஏறினால், சிட்டா நகல் எடுக்கும் செலவும் அலைச்சலும்தான் மிஞ்சும். ஆலோசனை கேட்கப் போங்கள், அது பயனுள்ளது.

தனியார் நர்சரிகளுக்குச் சரக்கு பெரும்பாலும் திருச்சூர் அருகே மண்ணுத்தியிலிருந்தோ ஆந்திராவின் கடியத்திலிருந்தோ வருகிறது. லாரியிலிருந்து இறக்கிய மறுநாள் வாங்கினால் பயணக் களைப்பில் இலை உதிரும். இரண்டு வாரம் அங்கேயே இருந்து புதுத் தளிர் விட்ட செடியைக் கேளுங்கள். வாங்கும்போது நான் பார்ப்பவை இவை:

பையின் அடியில் வேர் சுருண்டு வெளியே வந்திருக்கிறதா? வந்திருந்தால் அது பழைய சரக்கு. ஒட்டுச்செடி என்றால் ஒட்டுப் போட்ட இடம் தெரிகிறதா, அதற்குக் கீழே காட்டுத் தளிர் கிளம்பியிருக்கிறதா? செடியில் ஒரு பழத்தைக் கட்டிவிட்டு ‘காய்த்த செடி’ என்று விற்பதையும் பார்த்திருக்கிறேன். காம்பைத் தொட்டுப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

ரசீதில் தாவரவியல் பெயரையும் ஒட்டா, பதியனா, விதை நாற்றா என்பதையும் எழுதி வாங்குங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும் மரங்கள் இவை. எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். களியக்காவிளை தாண்டிக் கேரளத்திலிருந்து வண்டியில் கொண்டுவந்தாலும் அந்த ரசீது கையில் இருக்கட்டும்.

மூட்டிப்பழக் கன்றைக் காட்டிலிருந்து பிடுங்கித் தருவதாக யாராவது சொன்னால் அந்தப் பேச்சையே வளர்க்காதீர்கள். காப்புக்காட்டிலிருந்து அனுமதியில்லாமல் செடி எடுப்பது குற்றம். பிடுங்கிய கன்று பெரும்பாலும் பிழைப்பதும் இல்லை.

7. மண்ணும் குழியும்

புது வீட்டைச் சுற்றியிருப்பது மண் அல்ல, சிமென்ட் கலவையும் செங்கல் துண்டும் டைல்ஸ் உடைசலும். கட்டடக்காரர்கள் போகும்போது எல்லாவற்றையும் தள்ளி மேலே ஒரு சட்டி செம்மண்ணைத் தூவிவிட்டுப் போவார்கள். அதில் நட்டால் சிமென்ட்டின் சுண்ணாம்பால் இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உரம் போட்டாலும் தேறாது. குழி வெட்டும்போது இடிபாடு தென்படுவது நிற்கும் வரை தோண்டுங்கள்.

திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். கட்டணம் சிறு தொகைதான். நான்கைந்து இடத்தில் முக்கால் அடி ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ கொண்டு போனால் போதும். மேற்கு வட்டங்களில் புளிப்பு அதிகம் என்று வந்தால் எவ்வளவு சுண்ணாம்பு என்று அவர்களே எழுதித் தருவார்கள். கேட்காமல் நீங்களாகச் சுண்ணாம்பு கொட்டவேண்டாம்.

குழியின் அளவு: களா, பார்படாஸ் செர்ரிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. லூவிக்கா, மூட்டிப்பழத்துக்கு நீளம், அகலம், ஆழம் எல்லாம் இரண்டு அடி. கடுஞ்சரள் என்றால் மூன்றடி. கடப்பாரை போட்டால் தீப்பொறி பறக்கும் இடங்களில் ஆள் கூலி இரட்டிப்பாகும், முன்பே பேசிவிடுங்கள். வெட்டிய குழியை இரண்டு மூன்று வாரம் வெயிலில் காயவிட வேண்டும்.

நிரப்பும்போது மேல்மண்ணோடு மட்கிய சாணம் பத்துக் கிலோ, வேப்பம்பிண்ணாக்கு அரைக் கிலோ. பிண்ணாக்கு கரையானுக்காக. பச்சைச் சாணம் போட்டால் கரையானைக் கூப்பிட்டு விருந்து வைத்ததாக ஆகும். மணற்பாங்கான இடத்தில் குழியின் அடியில் கதம்பையை (தேங்காய் மட்டையை) உட்புறம் மேலே பார்க்கும்படி ஒரு வரிசை அடுக்குங்கள். தென்னைக்குச் செய்வதுதான், ஈரத்தைப் பிடித்து வைக்கும். நிரப்பிய வயலில் குழியே வேண்டாம். தரைக்கு மேலே ஒன்றரை அடி உயரம், நான்கு அடி அகலத்தில் மேடு போட்டு அதன்மேல் நடுங்கள்.

இடைவெளி பற்றி: மதிலிலிருந்து ஆறடி, கழிவுநீர்த் தொட்டியிலிருந்து பத்தடியாவது தள்ளி. மேலே நிமிர்ந்து மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். கம்பிக்கு அடியில் லூவிக்கா நட்டால் மின்வாரிய ஊழியர்கள் வந்து வெட்டும் வெட்டில் மரம் குடையின் கைப்பிடி போல நிற்கும். பக்கத்து வீட்டாரின் முற்றத்தில் பழம் விழும் தூரத்தில் நடுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது சண்டையைத் தவிர்க்கும். சிவப்புப் பழம் வெள்ளைத் தரையில் கறை பிடிக்கும்.

8. நடும் காலம்

மேற்கு வட்டங்கள்: சித்திரையில் குழி, இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்து மண் நன்றாக நனைந்த பிறகு நடவு. முதல் மழையிலேயே நடாதீர்கள். இடையில் பத்து நாள் வெயில் காய்வது வழக்கம்.

கிழக்கு வட்டங்களும் கடற்கரையும்: ஆவணியில் குழி, புரட்டாசிக் கடைசியில் நடவு. ஆனி, ஆடியில் நடவே கூடாது. மேற்கில் இருக்கும் மைத்துனர் மழையில் நட்டுவிட்டார் என்று நீங்களும் நட்டால் காற்று இரண்டே வாரத்தில் கணக்கை முடித்துவிடும்.

மாலை நேரத்தில் நடுங்கள். பையைக் கிழிக்கும்போது மண்கட்டி உடையக் கூடாது. ஒட்டுப் பகுதி தரைக்கு மேலே நிற்கட்டும். குச்சி நட்டு எட்டு வடிவ முடிச்சாகத் தளர்த்திக் கட்டுங்கள்.

9. முதல் இரண்டு ஆண்டுகள்

மரம் சாவது பெரும்பாலும் முதல் மாசி, பங்குனியில். மழையில் நட்டு மழையிலேயே மறந்துவிடுகிறார்கள். தை பிறந்ததும் வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இருபது லிட்டர் நிதானமாக ஊறும்படி. கிழக்கில் ஒரு முறை கூடுதலாக. வெளியூரில் இருப்பவர்கள் அடியில் சிறு துளையிட்ட மண்பானையைச் செடியருகே புதைத்து நிரப்பி வைக்கலாம். ஆனால் நிரப்ப ஓர் ஆள் வேண்டுமே, அதைப் பேசி வைத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

மூடாக்குக்குச் சருகு, தென்னோலை எதுவும் ஆகும். தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். செடியின் மேற்குப் பக்கம் ஓலை மறைப்பு ஒன்று முதல் கோடைக்குக் கட்டாயம் வேண்டும். மூட்டிப்பழத்துக்கு இரண்டாம் கோடைக்கும்.

யூரியாவைத் தொடாதீர்கள். இலை கொழுக்கும், பூ வராது. ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், மட்கிய சாணம். காய்க்கும் வயது வந்தபின் அடுப்புச் சாம்பல் ஒரு படி சேர்த்தால் நல்லது. நிறத்துக்குத் தனி உரம் என்று விற்பதை வாங்காதீர்கள். நிறம் வெயிலிலிருந்து வருகிறது.

இலையடியில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. எறும்பு ஏறும் வழியை முதலில் அடைத்துவிட்டு, வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி, வேப்பெண்ணெய் சோப்புக் கரைசலைத் தெளியுங்கள். அடைமழையில் நத்தை இளந்தண்டைச் சுரண்டும். இரவில் விளக்கெடுத்துப் போய்ப் பொறுக்குவதுதான் வைத்தியம். வெறுங்கையால் தொடாதீர்கள்.

காய்ப்புக்கு எத்தனை காலம்? பார்படாஸ் செர்ரி பதியன் இரண்டு மூன்று ஆண்டு. களா விதை நாற்று மூன்று ஆண்டுக்கு மேல். லூவிக்கா பதியன் மூன்று, விதை நாற்று ஐந்து என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூட்டிப்பழ ஒட்டு நான்கைந்து. விற்பவர் சொல்லும் ‘அடுத்த வருடமே காய்க்கும்’ என்பதைக் கேட்டுச் சிரித்துவிட்டு விடுங்கள்.

10. செலவு

நான் விசாரித்த இடங்களில் சொன்ன விலை இது, கடைக்குக் கடை மாறும். களா நாற்று ரூ.50 முதல் 100. லூவிக்கா விதை நாற்று ரூ.100ஐ ஒட்டி, பதியன் ரூ.200 முதல் 300. பார்படாஸ் செர்ரியும் ஏறக்குறைய அப்படியே. மூட்டிப்பழ ஒட்டு ரூ.400க்கு மேல், சில இடங்களில் இன்னும் அதிகம்.

உண்மையான செலவு செடியில் இல்லை, ஆளில் இருக்கிறது. குமரி மாவட்டத்தில் மண்வெட்டி வேலைக்கு ஒரு நாள் கூலி ரூ.1,000ஐ ஒட்டி நிற்கிறது. சாதாரண மண்ணில் ஓர் ஆள் ஒரு நாளில் நான்கைந்து குழி வெட்டுவார், சரளில் இரண்டுதான். ஆகவே ஒரு மரத்துக்காக ஆள் வைக்காதீர்கள். தென்னைக்குத் தடம் எடுக்கவோ வாழைக்குக் குழி வெட்டவோ ஆள் வரும் நாளில் இதையும் சேர்த்துவிடுங்கள். சாணம், பிண்ணாக்கு, குச்சி, ஓலை எல்லாம் சேர்த்து ஒரு மரத்துக்கு இன்னொரு ரூ.300. முன்பணம் கேட்டு ‘அரிய வெளிநாட்டு வகை’ என்று ஆயிரக்கணக்கில் சொல்பவரிடம் அந்த மரம் இதே மாவட்டத்தில் யார் வீட்டில் காய்த்திருக்கிறது என்று கேளுங்கள். போய்ப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம்.

11. பழம் வந்த பிறகு

கொண்டைக்குருவி, குயில், குக்குறுவான், மைனா எல்லாம் வரும். அதற்காகத்தானே நட்டீர்கள். பழத்தைக் காக்க வலை போட்டே ஆகவேண்டும் என்றால் இறுக்கமாகச் சட்டத்தில் கட்டிய வலையைப் போடுங்கள். தளர்வாகத் தொங்கும் வலையில் பறவையும் பாம்பும் சிக்கிச் சாகும்.

வவ்வாலும் வரும். பயப்பட வேண்டாம், கவனம் வேண்டும். 2018இல் கோழிக்கோட்டில் நிபா பரவியது முதல் மருத்துவர்கள் சொல்லிவரும் ஒன்றைக் கடைப்பிடியுங்கள்: கடித்த தடம் உள்ள பழத்தையும் கீழே விழுந்து கிடப்பதையும் தின்னக் கூடாது. மரத்திலிருந்து பறித்ததைக் கழுவித் தின்னலாம். வேலைக்கு வருபவர்களுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

கிளை வெட்டுவதைப் பொறுத்தவரை, லூவிக்கா எட்டடி உயரம் வந்ததும் உச்சியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளை விரிந்தால் பழக்கொத்து கண்மட்டத்தில் நிற்கும். பார்படாஸ் செர்ரியைக் காய்ப்பு ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கு வெட்டலாம், புதுக் கிளையில்தான் அது பூக்கும். மூட்டிப்பழத்தின் அடிமரத்தில் புடைத்து நிற்கும் முண்டுகளைச் சுத்தம் செய்கிறேன் என்று சீவிவிடாதீர்கள். அடுத்த ஆண்டுப் பூச்சரம் அங்கிருந்துதான் வர வேண்டும். வெட்டும் வேலையை மழை ஓய்ந்த தை மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஈர நாளில் வெட்டினால் காயத்தின் வழியே பூஞ்சை இறங்கிவிடும்.